ப்ளூ மருந்தில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பதினோரு மணிக்கு ஒரு டாக்டரம்மா கடைக்கு வந்து, ஜீப்ரா மீன் குஞ்சு வாரத்துக்கு எண்ணூறு வேண்டும் என்று கேட்டார். வளர்ந்த மீன் வேண்டாமாம். முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு வேண்டுமாம்.

கொளத்தூரில் இருபத்தெட்டு வருஷமாக மீன் விற்கிறேன். பத்தொன்பது வயசில் கால்வாய் ஓரம் உட்கார்ந்து மீன் தீனிக்கான சிவப்புப் புழுவை டம்ளர் கணக்கில் விற்று ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு மாடியில் அறுபத்திரண்டு தொட்டி இருக்கிறது. இதுவரை கண்ணுக்கே தெரியாத குஞ்சை விலைக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை. ஜீப்ரா என்பதே நம் கடையில் கொசுறு. கோல்டு பிஷ் வாங்குகிறவர் முகம் சுணங்கினால் இரண்டு ஜீப்ராவைப் பையில் போட்டு அனுப்புவோம்.

பெயர் ஜெசிந்தா. நாகர்கோவில்காரர். கிண்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வயசு முப்பத்தெட்டு இருக்கலாம், கண்ணுக்குக் கீழே ஐம்பது வயசுக் கறுப்பு. போன மாசம் அவர்கள் மீன் அறையில் மோட்டார் நின்று, இருந்த மீன் எல்லாம் ஒரே ராத்திரியில் செத்துவிட்டதாம். புது மீன் பிடித்துப் பழக்கி முட்டை எடுக்க மூன்று மாசம் ஆகும். அதுவரைக்கும் நான்.

எதற்கு என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். ஊரில் புதுசு புதுசாகப் போதைப் பொடி வருகிறதாம். செடி உரம், குளியல் உப்பு என்று பாக்கெட்டில் எழுதி விற்கிறார்களாம். ஒன்றைத் தடை செய்தால் அதில் ஒரு மூலையை மட்டும் மாற்றி இன்னொன்று செய்துவிடுகிறார்கள். அது எந்த அளவில் ஆளைக் கொல்லும் என்று ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. மீன் குஞ்சின் இதயமும் மூளையும் நம்முடையதைப் போலவே வேலை செய்வதால் இரண்டு நாளில் பதில் கிடைத்துவிடும் என்றார்.

ஒரே ஒரு கண்டிப்பு. தண்ணீரில் மருந்து எதுவும் கலக்கக் கூடாது. இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

மார்ச் மாசத்துக்கு மட்டும் பரீட்சை. சரியாக வந்தால் ஆறு மாசத்துக்கு ஆர்டர். குஞ்சு ஒன்று ஒரு ரூபாய் என்று இப்போதைக்குப் பேச்சு. ஒரு ரூபாய்க்கு ஊறுகாய் பாக்கெட்கூட வராத காலத்தில் கண்ணுக்குத் தெரியாத சரக்கை ஒரு ரூபாய்க்கு விற்கப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

மருந்து அலமாரியைக் காலி செய்தேன். புண் மருந்து, புழு மருந்து, செதில் உதிர்ந்தால் போடும் மஞ்சள் தூள், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்.

துலுக்காணம் அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். நான் புழு விற்ற நாளிலிருந்து கூட இருப்பவர். கொளத்தூரில் அவர் கட்டுகிற ஆக்சிஜன் பைபோல யாரும் கட்ட முடியாது, கல்கத்தா வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது. "மீனுக்குக் காய்ச்சல் வந்தா இன்னா யம்மா பண்ணுவ, கிண்டிக்கு அட்மிட் பண்ணுவியா?" என்றார்.

மாடியில் இப்போது இருப்பது உப்பு, ப்ளூ கேன், வலை, ஓஸ், அவ்வளவுதான்.

பொம்மைக் கடையில் அறுநூறு கோலிக்குண்டு வாங்கினேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான் கடைக்காரன். முட்டை போடுகிற பிள்ளைகள் என்றேன். ஜீப்ரா தன் முட்டையைத் தானே தின்றுவிடும். தொட்டியின் அடியில் குண்டைப் பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும்.

மார்ச் 7, சனி

நானூற்றுப் பன்னிரண்டு முட்டை.

விடியும்போது விளக்கைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஆண் மீன்கள் துரத்த ஆரம்பித்துவிட்டன. எனக்கும் நெஞ்சு படபட என்று அடித்துக்கொண்டது, கல்யாண வீட்டில் பந்தி திறக்கிற நேரம் மாதிரி. ஒன்பது மணிக்கு அண்ணன் ஓஸ் வைத்து உறிஞ்சி எடுத்தார். ஜவ்வரிசியைவிடச் சின்னது, கண்ணாடி போல. அவர் கையாலேயே தண்ணீர் கட்டி, வழக்கமாகப் போடுகிறதைப் போட்டு, வெள்ளைப் பேசினில் விட்டார். இரண்டு முறை எண்ணினோம். இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது. மூன்றாம் முறை என் கணக்கு ஜெயித்தது.

மார்ச் 10, செவ்வாய்

முதல் சரக்கு போய்விட்டது. நானே கொண்டுபோனேன்.

செவ்வாய் அண்ணனுக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்பதால் எங்கள் கடைக்குச் செவ்வாய்தான் ஞாயிறு. அதனால் வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய முட்டையை விடியற்காலை நானே எடுத்தேன். ப்ளூ கையில் பட்டால் நாலு நாள் போகாது, சேலையில் பட்டால் சேலையோடுதான் போகும். மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தேன். உப்பை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நாலு முட்டை பூஞ்சை பிடித்தால் பொறுக்கிப் போட்டால் ஆயிற்று.

கொண்டுபோன குஞ்சுகளைப் பளிச்சென்று புதுத் தண்ணீருக்கு மாற்றித்தான் பையில் கட்டியிருந்தேன். சரக்கு பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும். டாக்டரம்மா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எங்கள் பழைய அறையில்கூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றார்.

பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

இதை எப்படி எழுதுவது? இருபத்தெட்டு வருஷம் விற்ற சாமானை இன்றைக்குத்தான் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கண்ணாடி. நடுவில் இதயம் துடிக்கிறது. ரத்தம் ஓடுவது தெரிகிறது, ஒவ்வொரு பொட்டாக, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. வாலில் திரும்பி மறுபடி வருகிறது. எத்தனை நேரம் குனிந்திருந்தேனோ, நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழி. பணியாரக் கல்தான். குழிக்கு ஒரு குஞ்சு. இரண்டு நாள் கழித்துப் பொடியைக் கரைத்த தண்ணீரை அளந்து விடுவார்களாம். பெட்டிக்குள் வைத்து விளக்கை அணைத்தால் நல்ல குஞ்சு எல்லாம் திடுக்கிட்டு ஓடும். சினிமா தியேட்டரில் கரண்டு போனால் ஜனம் கத்துகிற மாதிரி. போதையில் இருக்கிறது ஓடாது, இல்லை அளவுக்கு மீறி ஓடும். மேலே கேமரா எல்லாவற்றையும் கணக்கு எடுக்கிறது. கூடவே இதயத் துடிப்பையும் எண்ணுகிறார்கள்.

இப்போது பரீட்சைக்கு இருப்பது பதினாலாம் நம்பர் பொடி. ஒரே மாசத்தில் மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பொடி. இரண்டு பேர் மறுநாள் எழுந்து காப்பி கேட்டார்களாம், ஒருத்தன் எழுந்திருக்கவே இல்லை. இத்தனைக்கும் மூவரும் ஒரே பாக்கெட்டைப் பங்கு போட்டவர்கள். முப்பதாம் தேதி ஆஸ்பத்திரி டாக்டர்களைக் கூட்டி, இந்தப் பொடி எந்த அளவில் ஆபத்து என்று ஜெசிந்தா சொல்லியாக வேண்டும்.

குஞ்சு சாவது பாவமில்லையா என்று அங்கே ஒருவர் என்னைக் கேட்டார். நான் விற்கிற மீனில் பாதி, வாங்கினவர் வீட்டில் ஒரு வாரம் தாண்டாது. தெரிந்துதான் விற்கிறேன். இங்கே எது, எப்போது, எதனால் செத்தது என்று ஒரு ஆள் உட்கார்ந்து எழுதி வைக்கிறார். அதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

கிளம்பும்போது ஜெசிந்தா இன்னொன்று சொன்னார். ஆராய்ச்சிக் கட்டுரையில், மீன் எந்தக் கடையில் வாங்கியது என்று ஊர் பேரோடு போடுவார்களாம். உலகம் பூரா படிப்பார்களாம். ஆட்டோவில் வரும்போது கடைப் பெயரை இங்கிலீஷில் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். பூங்காவனம் என்பதில் எத்தனை ஏ வரும்?

மார்ச் 12, வியாழன்

ஜெசிந்தா போன். பதினாலாம் நம்பரின் சின்ன அளவிலேயே பாதிக் குஞ்சுக்கு மேல் இதயம் நின்றுவிட்டதாம். "ரொம்ப மோசமான பொடி அக்கா, நெனைச்சதைவிட மோசம்" என்றார். குரலில் பயமும் இருந்தது, ஏதோ ஒன்று கையில் சிக்கின துடிப்பும் இருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் கேட்கவே இல்லை, மீன் தீனி வாங்க வந்தவர்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டாம் சரக்கு. முந்நூற்றுத் தொண்ணூறு. அண்ணன் கொண்டுபோனார். மைக்ராஸ்கோப்பில் அவரையும் பார்க்கச் சொன்னார்களாம். வந்ததும் நேராக மாடிக்குப் போய் ஜீப்ரா தொட்டி முன்னால் நின்றார். பிறகு, "அத்தினியூண்டு சாமானுக்குள்ள ஒரு மெஷினு ஓடுது யம்மா" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

சந்தை. நல்ல கூட்டம். மூன்று மணிக்கு ஜெசிந்தா போன். அதே பொடி, அதே அளவு, வெள்ளிக்கிழமைக் குஞ்சில் ஒன்றுகூடச் சாகவில்லை. இரண்டு மடங்கு விட்டும் சாகவில்லை. குஞ்சுகள் வேறு இனமா என்று கேட்டார். அதே தொட்டி, அதே தாய் தகப்பன் என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாம் சரக்கு. மாம்பழக் கலரையே திரும்பக் கட்ட முடியாது என்று பச்சைச் சேலை. விடியற்காலை எடுத்த முட்டைக்கு இன்றும் உப்பு மட்டும்தான்.

ஜெசிந்தா பொடி நிறுக்கும் தராசைச் சரிபார்க்க ஆள் வரவழைத்திருந்தார். தராசில் குற்றமில்லை. போன தடவை அளந்ததில் தப்புப் பண்ணியிருப்பேன் என்று தன்னையே சொல்லிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு டப்பா நாலு மணிக்கும் திறக்காமல் மேஜையில் இருந்தது. திறந்து கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தேங்காய் அரைத்த மீன் குழம்பு. அந்த ஊர் ஆட்கள் இதை மட்டும் விடமாட்டார்கள்.

மார்ச் 19, வியாழன்

செவ்வாய்க்கிழமைக் குஞ்சு செத்துவிட்டது. முதல் தடவை மாதிரியே. ஜெசிந்தா போனில் அதிகம் பேசவில்லை. இப்படி ஏறியும் இறங்கியும் வந்தால் முப்பதாம் தேதி எந்த எண்ணைச் சொல்வது என்றார். குறைத்துச் சொன்னால் ஒவ்வொரு கேசுக்கும் ஓடிக் களைத்து, நிஜமான ஆபத்தை விட்டுவிடுவார்கள். கூட்டிச் சொன்னால் லேசான பொடிதானே என்று பையனை வராந்தாவில் படுக்கவைப்பார்கள்.

மார்ச் 20, வெள்ளி

நாலாம் சரக்கை நானே கொண்டுபோனேன், சும்மா பார்க்கலாம் என்று.

ஜெசிந்தா தன் நோட்டைத் திறந்து காட்டினார். செத்தது சிவப்பு மையில், பிழைத்தது கறுப்பு மையில். பத்தாம் தேதிச் சரக்கு சிவப்பு. பதிமூன்று கறுப்பு. பதினேழு சிவப்பு. அவர் தேதியைப் பார்த்தார். நான் கிழமையைப் பார்த்தேன். வியாபாரிக்கு ஏது தேதி? எந்தக் கிழமை எந்தச் சரக்கு போகும் என்பதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. செவ்வாய் செத்தது, வெள்ளி பிழைத்தது.

அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க என் மூளை ஓடிய ஓட்டம் எனக்கே ஆச்சரியம். செவ்வாய் போகிற குஞ்சு சனிக்கிழமை முட்டை. வெள்ளி போகிற குஞ்சு செவ்வாய்க்கிழமை முட்டை. சனிக்கிழமை முட்டை எடுப்பது அண்ணன். செவ்வாய் எடுப்பது நான்.

அண்ணன் ஏதோ கலக்குகிறார்.

மார்ச் 21, சனி

விடியலிலேயே சண்டை. முட்டை எடுக்க வந்த ஆளை மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டேன். மருந்துப் பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும்போது எங்கேயிருந்து என்ன வாங்கிப் போடுகிறீர்கள் என்று. அவர் முகம் சிவந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி நான் பேசியதில்லை.

"சத்தியமா ஒண்ணும் போடலை யம்மா. உப்பு, ப்ளூ. நீ போடுறதுதான் நானும் போடுறேன்."

"நான் ப்ளூ போடலியே" என்று வாயில் வந்துவிட்டது.

இரண்டு பேரும் ப்ளூ கேனைப் பார்த்தோம். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில், டீ பிளாஸ்கை அதன் மேல் வைத்திருந்தார்.

இதை இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். ப்ளூ மருந்தில்லை. கொளத்தூரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். மருந்து என்பது நோய் வந்தால் போடுவது, விலை உள்ளது, அலமாரியில் பூட்டுவது. ப்ளூ உப்பு மாதிரி. முட்டை எடுத்தால் நாலு சொட்டு ப்ளூ, தண்ணீர் லேசாக வானம் மாதிரி ஆகும், பூஞ்சை பிடிக்காது. சோறு வடித்தால் உப்புப் போடுகிறோம், அதை யாராவது மருந்து என்பார்களா? மருந்து போடாதே என்றார் டாக்டரம்மா. போடவில்லை. அவர் ப்ளூ போடாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்று முட்டை நானூற்று நாற்பது. இரண்டு பேசினாகப் பிரித்தேன். ஒன்றில் அண்ணன் ப்ளூ போட்டார். மற்றதில் உப்பு மட்டும்.  

மார்ச் 22, ஞாயிறு

சந்தை. சண்டை மீன் நாற்பது ஜோடி போயிற்று. வெள்ளிக்கிழமைக் குஞ்சு ஒன்றும் சாகவில்லை என்று ஜெசிந்தாவிடமிருந்து செய்தி. போன் அடித்தபோது கூட்டம்.

மார்ச் 23, திங்கள்

மோட்டார் ரிப்பேர். பதினேழாம் தொட்டியில் பாசி, சுரண்டினேன். தீனி மூட்டை இறக்கினார்கள். ஜெசிந்தா இரண்டு தடவை கூப்பிட்டார். கை ஈரமாக இருந்தது.

ஆறு மாச ஆர்டர் போனால் போகட்டும், அதற்கு முன்னாலும் சோறு தின்றேன். கடைப் பெயரை உலகம் பூரா படிக்கும் என்றாரே. இனி எப்படிப் படிக்கும்? தண்ணீரைக் கெடுத்தவள் கடை என்று. செவ்வாய்ச் சரக்குக்கும் இனிமேல் ப்ளூ போடாமல் விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். எல்லாம் கறுப்பு மையாகிவிடும். யாருக்கும் தெரியாது. பதினாலாம் நம்பர் லேசான பொடி என்று முப்பதாம் தேதி சொல்லிவிடுவார். அது உண்மையும்தானே.

உண்மைதானா? ஒரே பாக்கெட்டில் இரண்டு பேர் காப்பி கேட்டார்கள். மூன்றாமவன் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எந்தச் சேலை கட்டினேன் என்று நினைவில்லை. இரண்டு பையையும் மேஜையில் வைத்து, நீல ரப்பர் பேண்டு போட்டதில் ப்ளூவில் வளர்ந்தது, வெள்ளை ரப்பர் பேண்டு போட்டதில் போடாதது என்றேன்.

"என்ன ப்ளூ?"

"மெத்திலின் ப்ளூம்மா. முட்டைக்குப் போடுறது."

ஜெசிந்தா பேனாவை மூடினார். "மருந்து போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அக்கா."

"அது மருந்தில்லம்மா. எங்க ஊர்ல உப்பு மாதிரி."

"ஆஸ்பத்திரில அதை மனுஷனுக்கு ஊசில ஏத்துவாவ."

கிழமைக் கணக்கைச் சொன்னேன். அண்ணனையும் இழுக்கவில்லை, சேலையையும் மறைக்கவில்லை. சேலைக்காக ப்ளூ போடாமல் விட்டேன் என்றபோது அவர் வாய் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை.

"எப்ப தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை."

"இன்னைக்கு செவ்வா. நான் மூணு தடவை போன் போட்டேன் அக்கா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் திரும்பத் திரும்ப நிறுத்துக்கிட்டு இருந்தேன்."

பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு ஏ, பி என்று மட்டும் எழுதச் சொல்லி, எது எது என்று தெரியாத ஆளிடம் கொடுத்தார். கண்ணைக் கட்டிச் சோதிப்பது. எனக்கு அது பிடித்தது. கடையில் தீனி எடை போடுகிற பெண்ணையும் வாங்குகிறவர் முகம் பார்க்காமல்தான் போடச் சொல்வேன்.

போய் வருகிறேன் என்றேன். தலையாட்டினார், நிமிரவில்லை.

மார்ச் 25, புதன்

போன் இல்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னாத்துக்கு, ப்ளூ நான்தானே ஊத்துனேன்" என்றார். ப்ளூ கேனை மருந்துப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டினோம். உப்பை என்ன செய்வது என்று வெகுநேரம் பேசினோம்.

மார்ச் 26, வியாழன்

இல்லை.

மார்ச் 27, வெள்ளி

கடை திறக்கும்போது ஷட்டருக்கு வெளியே ஜெசிந்தா நிற்கிறார். ஆட்டோவில் வந்திருக்கிறார், தலைகூடச் சீவவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஷட்டரைப் பாதியில் பிடித்தபடியே நின்றேன்.

"ஏ பையில நாப்பத்தெட்டுக்கு முப்பத்தொண்ணு செத்துப்போச்சு. பி பையில ஒண்ணு. ஏதான் ப்ளூ." மூச்சு வாங்கியது. "அக்கா, ஒங்களுக்கு வெளங்குதா?"

விளங்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, துலுக்காணம் அண்ணனை டீ வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லச் சொன்னேன். மூளையில் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குச் சேதி அனுப்ப ஒரு சரக்கைக் கொட்டுமாம். வேலை முடிந்ததும் அதைக் கூட்டித் தள்ள ஒரு ஆள் இருக்கிறானாம். பதினாலாம் நம்பர் பொடி உள்ளே போனால் சரக்கு லாரி லாரியாக இறங்கும். கூட்டுகிறவன் ஒழுங்காக வேலை பார்த்தால் ஒரு ராத்திரி ஆட்டம் போட்டுவிட்டு ஆள் பிழைத்துக்கொள்வான். ப்ளூ என்ன செய்கிறது என்றால், அந்தக் கூட்டுகிறவன் கையைக் கட்டிப்போடுகிறது. சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது, அகற்ற ஆளில்லை, இதயம் தாங்காமல் நின்றுவிடுகிறது.

கோயம்பேடு மார்க்கெட்டில் விடியற்காலை லாரி இறக்குகிற இடத்தில் கூலி ஆட்கள் வேலை நிறுத்தம் செய்த நாளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

"அப்ப நான் கெடுத்தது?" என்றேன்.

"கெடுத்தீங்கதான். மூணு வாரம். அதுல சந்தேகமே இல்ல." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா மனச் சோர்வுக்குக் குடுக்குற சில மாத்திரையும் இதே கையைத்தான் கெட்டும். அந்த மாத்திரை சாப்பிடுறவன் இந்தப் பொடியைத் தொட்டா, மத்தவனுக்கு ஆட்டம் காட்டுற அளவு இவனைக் கொன்னுரும். நான் ஒரு நம்பரைத் தேடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நம்பர் இருக்கு அக்கா."

வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டாராம். எழுந்திருக்காமல் போனானே அந்த மூன்றாவது பையன், அவன் வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் முப்பதாம் தேதி டாக்டர்களிடம் ஒரு கேள்வியை வைக்கப் போகிறார். பொடி சாப்பிட்டுக் கொண்டுவருகிற ஒவ்வொருத்தனிடமும், ஒவ்வொருத்தன் வீட்டிலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? அந்தப் பதிலைப் பார்த்துத்தான் எந்த எண் என்று முடிவு செய்ய வேண்டும்.

என்னால் உட்கார முடியவில்லை. தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் நடந்தேன். அண்ணன் வாசலில் நின்றபடி, அந்த மாத்திரை சாப்பிடுகிறவனும் அதை மருந்து என்று நினைக்காமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஜெசிந்தாவைக் கேட்டார். தூக்கத்துக்கு, சத்துக்கு என்று சொல்லித்தானே வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்றார். ஜெசிந்தா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, கேள்வியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். 'மாத்திரை' என்பதை வெட்டிவிட்டு, 'தினமும் வாயில் போடுவது எல்லாம்' என்று.

பிறகு வியாபாரம் பேசினோம். நல்ல மனசோடு இருக்கும்போதுதான் கறாராகப் பேச வேண்டும்.

முப்பதாம் தேதிக்குள் இன்னும் ஒரு முறை சோதிக்க வேண்டும் என்றார். இன்றைக்குக் கொண்டுபோவதாக இருந்த குஞ்சு ப்ளூ படாதது, அது தயார். ப்ளூ போட்டது இல்லையே என்று அவர் வருத்தப்படும்போதே மாடிக்குக் கூட்டிப்போனேன். செவ்வாய்க்கிழமையே அதிலும் பாதிக்கு ப்ளூ போட்டு வைத்திருந்தேன். ஆர்டர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போட்டேன். எதற்குப் போட்டேன் என்று ஜெசிந்தா கேட்டார். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை என்றேன்.

கட்டுரை பற்றி அவரே ஆரம்பித்தார். முட்டை எடுத்த இடத்தில் தவறுதலாக ப்ளூ போடப்பட்டிருந்தது என்பதை எழுதாமல் விட முடியாது. வேண்டுமானால் கடைப் பெயரை எடுத்துவிட்டு, சென்னையில் ஒரு கடை என்று போடுகிறேன் என்றார். யோசிக்க இரண்டு நிமிஷம் கேட்டேன். ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. பெயர் போடாவிட்டால் கொளத்தூரில் இருக்கிற அத்தனை கடை மேலும் அந்தப் பழி விழும். என் பெயரைப் போடுங்கள், ப்ளூவையும் போடுங்கள், எதை ஏன் போட்டோம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் என்றேன். கடை அட்டையை எடுத்து நீட்டினேன், எழுத்துப் பிழை வரக் கூடாது பாருங்கள்.

பேசி முடித்தது இது. ஆறு மாசம். செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் இரண்டு பை, ஒன்றில் ப்ளூ, ஒன்றில் இல்லை, பை மேல் எழுதி ஒட்ட வேண்டும். தண்ணீரில் என்ன விழுந்தாலும், உப்பானாலும், மணி போட்டு நோட்டில் எழுதி, போட்டவர் கையெழுத்து. அவர் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். போன மூன்று வாரச் சரக்குக்கு நான் விலை கேட்கக் கூடாது, அதை அவர் கேட்கும் முன்பே நான் சொன்னேன். நான் இரண்டு ரூபாய் கேட்டேன், அவர் ஒன்றேகாலில் நின்றார். குஞ்சு ஒன்று ஒன்றரை ரூபாய், ஆட்டோ செலவு அவர்களுடையது. ப்ளூ போட்டதும் ஒன்றரை, போடாததும் ஒன்றரை.